ரூல் போயிடுச்சு, பொண்ணு மட்டும் மாஸ்க்கைக் கழட்ட மாட்டேங்கிறா. விட்டுடலாமா?

காட்பாடி ஷேர் ஆட்டோ எழுதியது (ஏப்ரல் 2022, இரண்டாவது வாரம்):

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வழக்கமாக டீசல் விலை, எஃப்.சி., ஸ்டேஷன் வாசலில் வண்டி நிறுத்துகிற தகராறு, இதைப் பற்றித்தான் எழுதுவேன். இன்றைக்கு வீட்டு விஷயம். தப்பாக நினைக்காதீர்கள்.

பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த மாதம் முதல் வாரத்தில் கொரோனா கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டோம், மாஸ்க் போடாவிட்டால் அபராதம் இல்லை என்று அரசாங்கம் சொன்னது இல்லையா, அது டிவியில் வந்த கையோடு அவள் பள்ளிக்கூடத்திலும் பிரேயரில் அறிவித்துவிட்டார்கள். இனிமேல் கட்டாயம் இல்லையாம், போடுகிறவர்கள் போடலாமாம். சின்னவன் ஐந்தாவது. அன்று சாயந்திரமே அவனுடைய மாஸ்க்கை எதிர்வீட்டு நாய்க்குட்டி கடித்து இழுத்துக்கொண்டு இருந்தது. பெரியவள் இன்றுவரை போட்டுக்கொண்டுதான் போகிறாள். வகுப்பில் அவளோடு சேர்த்து ஏழெட்டுப் பேர் போடுகிறார்களாம், அதிலும் பெண்பிள்ளைகள்தான் அதிகம்.

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். கத்திரி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் மத்தியானம் தார் ரோட்டில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பஸ்ஸில் நசுங்கி வீட்டுக்கு வருகிறாள். கறுப்புத் துணி மாஸ்க், அதன் ஓரத்தில் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புக்கோடு போட்டிருக்கும். காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் அறுத்துச் சிவந்துபோய் இருக்கிறது, அதில் இவள் அம்மா தேங்காய் எண்ணெய் வைக்கிறாள். ராத்திரி அதையே துவைத்து, ஜன்னல் கம்பியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாகச் செய்கிறாள். ஹோம்வொர்க்கில் இந்த ஒழுங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் கிண்டல் செய்கிறாராம். "கொரோனாவே ஊருக்குப் போயாச்சு, நீ யாரைத் தேடிக்கிட்டு இருக்கே"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கிறார். போன வருஷம் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கினால் வெளியே நிற்கவைத்தவரும் அவரே. அக்கம்பக்கத்தில், "உன் பொண்ணுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா"ன்னு கேட்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரம்மா, "கழட்டச் சொல்லுங்க, நாளைக்கு வேற மாதிரி பேசுவாங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு மாஸ்க் அசிங்கமாகத் தெரியாது. காட்பாடி ஸ்டேஷனில் வண்டி ஓட்டுகிறவன் எவனுக்கும் தெரியாது. கொல்கத்தா பக்கத்து ரயில் வந்து நின்றால் இறங்குகிற கூட்டத்தில் கையில் எக்ஸ்ரே கவரும் முகத்தில் மாஸ்க்குமாக ஆட்கள் இருப்பார்கள். கொரோனா என்ற பேரையே கேள்விப்படாத காலத்திலிருந்து பார்க்கிறேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்ட பிள்ளைகள், கிட்னி மாற்றிக்கொண்டவர்கள். பாதி நாள் நான் பேசுவது இந்தியும் வங்காளமும்தான். அவர்களிடம் யாரும் ஏன் மாஸ்க் என்று கேட்டதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் கேட்கிறார்கள், வேடிக்கைதான்.

ஏன் போடுகிறாள் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். வீட்டில் ஆயா இருக்கிறார்கள், என் அம்மா. 2021 மே மாதம் கொரோனா வந்து பிழைத்ததே பெரிது. அதிலிருந்து மாடிப்படி ஏறினால் இளைப்பு, மழைக்காலத்தில் வீசிங், தலைமாட்டில் இன்ஹேலர். பெரியவள் அவர்கள் பக்கத்தில்தான் படுப்பாள். அந்தப் பயம் அவளுக்கு இருக்கும். நேராகக் கேட்டால், "எனக்குப் புடிச்சிருக்குப்பா, விடு" என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே கேட்கிறேன். கழட்டச் சொல்வதா, அவள் இஷ்டத்துக்கு விடுவதா? இந்த வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? மூச்சு குறையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உண்மையா? அப்புறம் அந்த வாத்தியாரிடம் நான் போய்ப் பேசலாமா, பேசினால் அவளுக்கு இன்னும் கஷ்டமாகிவிடுமா? பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.


சத்துவாச்சாரி எக்ஸ்பிரஸ் எழுதியது:

தலைவரே, ஊரே கழட்டிப் போட்டாச்சு, இதுக்கு ஒரு கேள்வியா? நேதாஜி மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள், நூறு பேரில் ஒருவர் போட்டிருந்தால் அதிசயம். வரும் மே 15 குடியாத்தம் சிரசுத் திருவிழா. ரெண்டு வருஷமாகக் கூட்டம் சேராமல் நடந்தது, இந்தத் தடவை ஜனம் கொட்டப்போகிறது. அம்மன் சிரசு வரும்போது தோளோடு தோள் இடிக்கும், அங்கே யார் மாஸ்க் போடுவார்கள்? பிள்ளைக்குச் சொல்லிக் கழட்டவையுங்கள். பயத்தை வளர்த்தால் வளர்ந்துகொண்டே போகும். நான் சொன்னது பிடிக்காவிட்டால் மன்னிக்கவும்.


குடியாத்தம் தமிழய்யா எழுதியது:

சத்துவாச்சாரிக்காரர் எங்கள் ஊர்த் திருவிழாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், சரி. திறந்த வெளியில் ஒரு நாள் கூடுவதும், ஓட்டுக் கட்டடத்தில் நாற்பது பேர் ஆறு மணி நேரம் உட்காருவதும் ஒன்றா என்று மட்டும் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் நடுநிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். அறிவிப்பு வந்த அன்றைக்கு முதலில் கழட்டியவன் நான்தான், மறைக்கவில்லை. காரணம் சொல்கிறேன். நவம்பர் 1ஆம் தேதி ஒன்றிலிருந்து எட்டு வரை பள்ளி திறந்தார்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை என்றால் அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தையே பார்க்காத குழந்தை. அதற்கு ல, ள, ழ மூன்றையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நாக்கு எங்கே மடிகிறது என்று வாயைத் திறந்து காட்டினால்தான் வரும். மாஸ்க்குக்குள்ளிருந்து நான் 'பள்ளி' என்றேன், வகுப்பே 'பல்லி' என்று எழுதிக்கொடுத்தது. சுவரில் ஒன்று ஓடிக்கொண்டும் இருந்தது, அதனால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெரிய வகுப்பில் வேறு கஷ்டம். மெதுவாகப் பேசுகிற பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து பதில் சொன்னால் ஒன்றும் காதில் விழாது. இரண்டு தடவை "என்னம்மா?" என்று கேட்டால் மூன்றாவது தடவை அது வாயே திறக்காது. அதனால் மாஸ்க்கால் நஷ்டமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் பிள்ளைகள் போடுவதை நான் தொடுவதில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். தாய் முறத்தில் தூளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்திலேயே பிள்ளை உட்கார்ந்து படிக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற ஒரு பையனுக்கு அடிக்கடி இருமல், மாஸ்க் போட்ட இந்த வருஷம் குறைந்திருக்கிறது என்று அவன் அம்மா சொன்னார். டாக்டர் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை, அவனுக்கு நன்றாக இருந்தால் போதும். இன்னொரு பெண், அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டுக்குப் போனதும் தூக்குவாளாம், அதனால் போடுகிறாள். இன்னும் இரண்டு பேர் ஏன் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. வகுப்பில் ஒன்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்: போட்டவனை ஏன் போட்டாய் என்றும் போடாதவனை ஏன் போடவில்லை என்றும் எவனும் கேட்கக் கூடாது, வாசிக்கச் சொன்னால் மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த விளையாட்டு ஆசிரியரிடம் நேராகப் போகாதீர்கள். வகுப்பாசிரியரிடம் போங்கள். பிள்ளைக்குத் தெரியாமல், போனில் பேசினாலும் போதும். "வீட்டில் நுரையீரல் பலவீனமான பெரியவர் இருக்கிறார்" என்று ஒரு வரி. அதை ஸ்டாஃப் ரூமில் அவர் சொல்லிக்கொள்வார். எங்கள் தொழிலில் எது எந்த வழியாகப் போனால் சண்டையில்லாமல் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.


காந்தி நகர் டூ நியூஜெர்சி எழுதியது:

அண்ணா, நான் காட்பாடி காந்தி நகர்தான், உங்கள் ஸ்டாண்டில் எத்தனையோ தடவை ஏறியிருப்பேன். இங்கே நியூஜெர்சியில் மார்ச் 7ஆம் தேதி பள்ளிகளில் மாஸ்க் கட்டாயத்தை எடுத்தார்கள். என் மகள் ஏழாவது. முதல் வாரம் பாதி வகுப்பு போட்டது, பாதி போடவில்லை. போகப் போகக் குறைந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், கொரியப் பிள்ளைகள் மட்டும் நீண்ட நாள் போட்டார்கள், இப்போதும் சிலர் போடுகிறார்கள். இங்கே பெற்றோர்கள் இரண்டு கட்சியாகி மீட்டிங்கில் கத்தினார்கள், பிள்ளைகள் அவ்வளவு அலட்டிக்கொள்ளவில்லை. என் மகள் ஒரு நாள் மறந்து போடாமல் போய்விட்டாள், அவ்வளவுதான், அதோடு விட்டுவிட்டாள். அதனால் அவசரப்படாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.


பாகாயம் அக்கா எழுதியது:

தம்பி, நான் ஆஸ்பத்திரியில் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் மாஸ்க்கோடு வாழ்ந்தவள், அதனால் அந்தப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

மூச்சு குறையாது. ஆக்சிஜன் அந்தத் துணி வழியாகத் தாராளமாகப் போகும். ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்காகப் போட்டுக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களில் யாரும் மயங்கி விழவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள். ஆனால் வெயிலில் புழுக்கம், எரிச்சல், முகத்தில் வேர்க்குரு, இதெல்லாம் உண்மை. அதைப் பிள்ளை பொறுத்துக்கொள்கிறாள் என்பதற்காக இல்லையென்று சொல்லக் கூடாது.

துணி மாஸ்க் வியர்வையில் நனைந்துவிட்டால் அதைப் போட்டும் பெரிய பலன் இல்லை, மூச்சு விடவும் கஷ்டம். நீங்கள் உப்புக்கோடு என்று எழுதினீர்களே, அது மத்தியானத்துக்கு முன்பே நனைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பையில் இரண்டு கொடுத்து அனுப்புங்கள். சாப்பாட்டுக்குக் கழட்டும்போது பழையதை ஒரு காகிதக் கவரில் போட்டுவிட்டுப் புதியதைப் போடட்டும். பாவாடைப் பாக்கெட்டில் சுருட்டி வைப்பது, தாடைக்கு இழுத்துவிடுவது இரண்டும் கூடாது. மெடிக்கல் கடையில் நீலநிறத்தில் மூன்று அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் வருகிறது இல்லையா, துணியைவிட அது மேல். அதன் நடு அடுக்கு சாதாரணத் துணி இல்லை. அதில் மின்னேற்றம் இருக்கும், நுண்ணிய துளியை இழுத்துப் பிடித்துக்கொள்வது அந்த அடுக்குதான். அதனால் அதைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் பிடிக்கிற சக்தி போய்விடும். நீலம் வெளியே, வெள்ளை உள்ளே, மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்திவிட வேண்டும். என்95 இன்னும் பலம்தான், 95 சதவீதம் பிடிக்கும் என்பதால்தான் அந்தப் பேரே. ஆனால் வால்வு வைத்தது வாங்காதீர்கள், அது போட்டவர் விடுகிற மூச்சை அப்படியே வெளியே தள்ளும். உங்கள் வீட்டில் ஆயாவைக் காப்பாற்றத்தானே போடுகிறாள், அப்போது அது எதற்கு?

எங்கே போட வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லிக்கொடுங்கள். பஸ், மூடிய வகுப்பறை, டியூஷன் ரூம், இங்கே போட்டால் அர்த்தம் இருக்கிறது. கிரவுண்டில் ஓடும்போது வேண்டவே வேண்டாம். ரோட்டில் தனியாக நடக்கும்போதும் வேண்டாம். அந்த விளையாட்டு வாத்தியாருக்கும் வாய் அடைந்துவிடும். சின்னவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஐந்து வயது வரை மாஸ்க்கே வேண்டாம், ஆறிலிருந்து பதினொன்று வரை பிள்ளையால் சரியாகப் போட முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஜனவரியில் மத்திய அரசே சொன்னது. நாய்க்குட்டியிடமிருந்து மட்டும் வாங்கித் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. ஆயாவுக்கு இரண்டாவது ஊசி எப்போது போட்டீர்கள்? மார்ச் 16 முதல் 60 வயது தாண்டிய எல்லாருக்கும் முன்னெச்சரிக்கை டோஸ் இருக்கிறது, இரண்டாவது போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். பெரியவளுக்கு 15 முடிந்துவிட்டது என்றால் கோவாக்சின் இரண்டும் போட்டாளா, 28 நாள் இடைவெளியில்? பிள்ளையின் மாஸ்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டு இருக்கும்போது இதை விட்டுவிடாதீர்கள். ராத்திரி ஆயா படுக்கிற அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும், கொசுவுக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள்.

"உடம்பு சரியில்லையா" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1971இல் நாட்டிலேயே முதல்முறையாகக் கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றியாக நடந்த ஊர் இது. மாற்றிக்கொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள். அவர்கள் மாஸ்க்கோடுதான் கடைக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நம் தெருவிலேயே லாட்ஜ் எடுத்துத் தங்கியிருப்பார்கள். அவர்களிடம் வாடகை வாங்குகிற ஊர், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்த்து மட்டும் ஏன் கூச்சப்படுகிறது?


வாலாஜா பிளஸ் டூ எழுதியது:

அங்கிள், நான் ஸ்டூடன்ட். மே 5 பப்ளிக், படிக்காம இங்கே என்ன பண்றேன்னு கேட்காதீங்க.

பெரியவங்க எல்லாரும் கொரோனா, ஊசி, ஜன்னல்னு பேசுறீங்க. உங்க பொண்ணு ஆயாவுக்காகத்தான் போடுறாங்கன்னா ரொம்ப நல்லது. ஆனா எங்க கிளாஸ்ல இன்னும் போடுற பசங்க பொண்ணுங்க யாருமே கொரோனாவுக்காகப் போடலை. நானும்தான். எங்க செட் பத்தாவது பரீட்சையே எழுதலை, 2020ல ஆல் பாஸ். பன்னெண்டாவதுக்கு செப்டம்பர்ல ஸ்கூல் திறந்தப்போ பாதிப் பேர் புதுசு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேற. ஒரு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் கண்ணையும் நெத்தியையும் மட்டும்தான் பார்த்தோம். மீதி முகம் எப்படி இருக்கும்னு மனசுக்குள்ள நாமே ஒண்ணு வரைஞ்சு வச்சுக்குவோம். அந்தப் படம் எப்பவுமே நிஜத்தைவிட நல்லாத்தான் இருக்கும். அதுதான் பிரச்சினை.

எனக்கு இந்த ஒரு வருஷத்துல மீசை பாதி வந்து பாதி வராம நிக்குது, தாடையெல்லாம் பரு. ஒரு நாள் தண்ணி குடிக்கக் கழட்டினேன், பின்னாடி பெஞ்ச்ல ஒருத்தன், "டேய், நீயாடா இது, வேற யாரோன்னு நினைச்சேன்"னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மறுநாள்லேர்ந்து லன்ச் கூட சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுறேன். ஒரு பொண்ணுக்குப் பல்லுல கம்பி, அவங்க டைரக்டா எங்ககிட்டயே சொன்னாங்க, கம்பி எடுக்குற வரைக்கும் கழட்ட மாட்டேன்னு. அது தெளிவு. சொல்லாம இருக்கிறவங்கதான் அதிகம்.

உங்க பொண்ணு ஒன்பதாவதுல புது ஸ்கூலா? மிடில் ஸ்கூல் எட்டோட முடிஞ்சு ஹைஸ்கூல் மாறியிருந்தா அதேதான், அங்க யாரும் அவங்க முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. ரூல் இருந்தப்போ எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு. இப்ப நீயே முடிவு பண்ணுன்னு விட்டுட்டாங்க. எப்பக் கழட்டினாலும் "ஓ இன்னைக்குக் கழட்டிட்டியா"ன்னு எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. ரூல் போட்டதைவிட எடுத்ததுதான் எங்களுக்குக் கஷ்டம் அங்கிள்.

நான் பண்ணினது, முதல்ல டியூஷன்ல கழட்டினேன், அங்க ஆறு பேர்தான். அப்புறம் ஸ்கூல்ல லாஸ்ட் பீரியட் மட்டும். பரீட்சை ஹால்ல எப்படியும் கழட்டிடுவேன், கண்ணாடி போட்டிருக்கேன், ஆவி அடிச்சா கேள்வித்தாளே தெரியாது. வீட்ல யாராவது "கழட்டு கழட்டு"ன்னு சொல்லியிருந்தா நான் கழட்டியிருக்கவே மாட்டேன், அது மட்டும் உறுதி.


சத்துவாச்சாரி எக்ஸ்பிரஸ் எழுதியது:

தம்பி, நீ போய்ப் படி. ஆனால் நீ சொன்னது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. என் பையனும் கல்யாண வீட்டில் போட்டோவுக்குக்கூடக் கழட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தான், பயம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.


காட்பாடி ஷேர் ஆட்டோ எழுதியது (ஏப்ரல் கடைசி):

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. சவாரிக்கு நடுவில் படித்தேன், எழுத நேரம் கிடைக்கவில்லை.

தம்பி கேட்டது சரி. எட்டாவது வரை பக்கத்து நடுநிலைப் பள்ளி, ஒன்பதாவதுக்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம். எட்டாவது முழுக்க என் போனில்தான் படித்தாள், அதுவும் நான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால். நான் கேட்டால் சொல்ல மாட்டாள் என்று பள்ளிகொண்டாவில் இருக்கிற என் தங்கச்சியை வரவழைத்தேன். அத்தைக்கும் அவளுக்கும் ஒத்துப்போகும். ராத்திரி மொட்டை மாடியில் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். ஆயாவுக்காகவா, வேறு காரணமா என்று கேட்டதற்கு, "ரெண்டும்தான் அத்தை" என்றாளாம். மத்தியானச் சாப்பாட்டில் ஒருத்தி, "மாஸ்க்கோட நீ அழகா இருந்தே"ன்னு சொல்லியிருக்கிறாள். அது நடந்தது நவம்பரில். ஆறு மாதம் அதை மனதில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்டிருக்கிறாள். என் தங்கச்சி அந்தப் பெண்ணை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பெண்ணும் யாரிடமாவது இதே மாதிரி வாங்கிக்கட்டியிருக்கும்.

நாங்கள் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கழட்டு என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவையும் ஒரு வழியாகச் சமாதானம் செய்தாயிற்று. தமிழய்யா சொன்னபடி வகுப்பாசிரியையிடம் போனில் பேசினேன். அவர்கள் நல்ல மாதிரி, "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னார்கள்.

பார்த்துக்கொள்வதற்குள் கதையே மாறிவிட்டது. சென்னை ஐஐடியில் மாணவர்களுக்குத் தொற்று வந்து, 22ஆம் தேதி மறுபடியும் மாஸ்க் போடாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று சுகாதாரத் துறைச் செயலாளர் அறிவித்துவிட்டார். இரண்டாவது நாளே பிரேயரில் மறுபடி அறிவிப்பு. எல்லாரும் போட வேண்டுமாம். விளையாட்டு வாத்தியார் தாமே ஒன்று மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று, போடாமல் வந்த பையன்களைத் திருப்பி அனுப்பினாராம். பெரியவள் உள்ளே போகும்போது அவளைப் பார்த்து, "நீ போம்மா, நீ கரெக்டு" என்றாராம். அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். ரொம்ப நாள் கழித்து அப்படிச் சிரித்தாள். ஆனால் எனக்கு உள்ளே ஒரு கவலை. தம்பி சொன்ன மாதிரி மெதுவாகக் கழட்டலாம் என்று அவளே ஆரம்பித்திருந்தாள், டியூஷனில் இரண்டு நாள் போடாமல் உட்கார்ந்தாளாம். இப்போது அது நின்றுவிட்டது. ஜூனில் பத்தாவது, மறுபடி முதலிலிருந்து. ஆகட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம்.

அக்கா, ஆயாவுக்கு இரண்டாவது ஊசி போன ஆகஸ்டில் போட்டது. பெரியவளுக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட்டார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன், இரண்டு கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் அதிலும் காது அறுக்கிறதாம். காதில் மாட்டாமல் போட வழி இருக்கிறதா?


பாகாயம் அக்கா எழுதியது:

ஆகஸ்ட் என்றால் மே மாதம் ஒன்பது முடிகிறது. தேதியைச் சான்றிதழில் பார்த்து, உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆதாரோடு கூட்டிப்போங்கள், 60 தாண்டியவர்களுக்கு இலவசம். காலை வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், அங்கே நிழல் குறைவு. இன்ஹேலரைக் கையில் எடுத்துப்போக மறக்க வேண்டாம். ஊசி போட்டு அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள், அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

காதுக்கு: அவள் தலையில் போடுகிற துணி ஹேர்பேண்டு ஒன்றை எடுத்து, காதுக்கு மேலே வருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய பட்டன் தைத்துக் கொடுங்கள். எலாஸ்டிக்கைக் காதில் மாட்டாமல் அந்தப் பட்டனில் மாட்டிக்கொள்ளட்டும். கொரோனா வார்டில் நர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பழைய சட்டைப் பட்டன் சின்னதாக இருக்கும், நழுவிவிடும். கோட்டுப் பட்டன் சைஸில் வாங்குங்கள், தையல் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்பதால் கறுப்பு ஹேர்பேண்டு போதும், ரிப்பன் கலர் பார்த்துக்கொள்ளுங்கள்.